உடைந்த குதிரைக்குப் பின்னால் சிமிழிச் செடி

பிள்ளை வயிறு வலிக்கிறது என்று அழுதால் நீங்கள் முதலில் என்ன கேட்பீர்கள்? "காலையில வெளிக்குப் போனியா?" என்றுதானே? எந்த ஊர் அம்மாவும் அதைத்தான் கேட்பாள். அந்த ஒரு கேள்வியில் ஒரு காடே தப்பிப் பிழைத்த கதை இது. சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவர்கள் சாப்பிட்டு முடித்து, கை கழுவிவிட்டு வாருங்கள். கதை எங்கேயும் ஓடிப்போகாது.

ஒரு காட்டில் ஒரு மரநாய் இருந்தது. காடு என்றதும் யானை, புலி, அருவி என்று மனசை ஓடவிட வேண்டாம். மூன்று பக்கமும் வயல், ஒரு பக்கம் கண்மாய், நடுவில் குடை பிடித்தாற்போல ஒரு கோயில்காடு. உள்ளே அய்யனார் இருக்கிறார். அவருக்கு முன்னால் வரிசையாக மண்குதிரைகள். ஊர்ச்சனம் வருஷத்துக்கு ஒருதரம் செருப்பைக் கழற்றி எல்லைக்கல்லுக்கு வெளியே போட்டுவிட்டு வரும், பொங்கல் வைக்கும், போய்விடும். சுள்ளி ஒன்றைக்கூட எடுத்துப்போகாது. குதிரை உடைந்து விழுந்தால் விழுந்த இடத்திலேயே கிடக்க வேண்டும். அதைத் தொடக் கூடாது, அதன் பின்பக்கம் போகவும் கூடாது. மனிதர்கள் வகுத்த இந்தப் பழக்கத்தை மிருகங்களும் அப்படியே கடைப்பிடித்தன.

மரநாயின் பெயர் சிகப்பாயி. மூன்று குட்டிக்காரி. உலக்கைப்பாலை மரத்துப் பொந்தில் குடியிருந்தாள். அந்தக் காட்டிலேயே பொந்து விழுந்த மரம் அது ஒன்றுதான். எல்லைக்கல்லைத் தாண்டினால் கண்மாய்ப் பக்கம் செங்கல் சூளை. சூளையில் ஏழு நாய். அதனால் பொந்து போனால் அவளுக்குப் போக்கிடம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன், பிறகு அவள் ஏன் அப்படிப் பயந்தாள் என்று கேட்கக் கூடாது பாருங்கள்.

மூத்த இரண்டும் சொன்ன பேச்சுக் கேட்கும். கடைக்குட்டி பொட்டுதான் வம்பு. அந்தக் காட்டில் சிமிழிச் செடி என்று ஒன்று உண்டு. இடுப்புயரச் செடி. குங்குமச் சிமிழ் மாதிரியே சிவப்பாகக் குட்டிக்குட்டிப் பழம். சுத்துப்பட்டில் வேறு எங்கேயும் கிடையாது, இங்கேயும் மூன்றே மூன்றுதான் மிச்சம். பொட்டுவுக்கு அந்தப் பழம் என்றால் உயிர். விதையைத் துப்பத் தெரியாது, அப்படியே விழுங்கிவிடும். பொழுது சாய்ந்து கண் விழித்ததும், "ம்மா... வருதும்மா" என்று காலைப் பின்னிக்கொண்டு நிற்கும்.

அங்கேதான் சிக்கல்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் காட்டுக் கமிட்டித் தலைவர் தோகையப்பன் ஒரு சட்டம் போட்டிருந்தார். தோகையப்பன் ஒரு மயில். தூய்மையான காடு என்று எங்கேயோ பேச்சு அடிபட, தம் காடும் தூய்மையாக இருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. "எல்லைக்கல்லுக்கு உள்ளே யாரும் வெளிக்குப் போகக் கூடாது. எல்லாரும் கண்மாய்க்கரைக்குத்தான் போக வேண்டும். மூன்று முறை மீறினால் காட்டை விட்டு வெளியேற்றம்." அன்றிலிருந்து முயலும் கீரியும் மைனாவும் வரிசை கட்டிக் கண்மாய்க்கரைக்குப் போயின. கரையில் என்னென்னவோ முளைத்தது, ஆடு மேய்ந்தது. காட்டுக்குள் தரை பளிச்சென்று ஆனது. இருபது சிமிழிச் செடி மூன்றானதும் அந்த மூன்று வருஷத்தில்தான். ஆனால் அதையும் இதையும் யாரும் சேர்த்து யோசிக்கவில்லை. யோசிக்கிறதற்குத் தனிக் கமிட்டி போட்டால்தானே யோசிப்பார்கள்!

சூளை நாய்கள் உலாத்துகிற கரைக்குச் சின்னப்பிள்ளையை எப்படி அழைத்துப்போவது? அப்படியே அழைத்துப்போனாலும் அதுவரை அடக்கத் தெரிந்தால் அது பிள்ளையா? பொட்டு இரண்டு முறை பாதிவழியில் போய்விட்டது. இரண்டு முறையும் கமிட்டி எழுத்தர் பிடிமுத்து பார்த்துவிட்டார். பிடிமுத்து ஒரு உடும்பு. எந்தக் காகிதத்தைப் பிடித்தாலும் விடமாட்டார். பொந்து வாசலில் இரண்டு நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது.

"இன்னும் ஒண்ணுதான் தங்கச்சி. அப்புறம் நீ பாட்டுக்கு மூட்டையைக் கட்டணும்."

"பச்சப்புள்ளைண்ணே."

"சட்டத்துல பச்சப்புள்ள, பழுத்தபுள்ளன்னு பிரிவு கிடையாதும்மா."

சிகப்பாயி அழுதுகொண்டு உட்கார்கிற ஆள் இல்லை. அக்கம்பக்கம் பார்த்தாள். உடைந்த குதிரை கண்ணில் பட்டது. பின்பக்கம் யாரும் போகக் கூடாத இடம். அய்யனாரைப் பார்த்து, "சாமி, நீயும் புள்ளைங்களுக்குக் காவல் காக்கிறவன்தானே, கண்டுக்காத" என்று கும்பிட்டுவிட்டு, தினமும் பொட்டுவை அங்கே கூட்டிப்போனாள். காரியம் முடிந்ததும் மண்ணைத் தள்ளி, சருகைப் போட்டு மூடினாள். ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. முதல் பிள்ளை என்றால் நிறம் பார்ப்போம், பதம் பார்ப்போம். மூன்றாவது பிள்ளைக்கு மூடினோமா வந்தோமா என்றுதான் இருப்போம். அவளும் நம்மைப் போலத்தானே.

இப்படி ஐப்பசியும் கார்த்திகையும் போனது. மார்கழியில் தோகையப்பனுக்கு அடுத்த ஆசை வந்தது.

பொங்கல் வைக்க வந்தவர்கள் யாரோ தவறவிட்ட செல்போன் ஒன்று பிடிமுத்துவிடம் இருந்தது. அதில் அவர் ஒரு செய்தியைக் கண்டுபிடித்தார். அருகிப்போன செடி வைத்திருக்கிற காடுகளுக்கு, மிருகங்களின் செடி அங்கீகார வாரியம் சான்றிதழ் தருகிறதாம். கூடவே தகரப் பலகையாம். பலகையில் தலைவர் பெயர் போடுவார்களாம்.

"என்ன அளவில் போடுவார்கள்?" என்றார் தோகையப்பன்.

"செடி பேரைவிடப் பெருசா போடலாமாம் தலைவரே."

"அப்படியென்றால் காப்பாற்றியே ஆக வேண்டும்."

விண்ணப்பம் பதினாறு பக்கம். செடியின் பெயர், செடியின் தகப்பனார் பெயர், நிரந்தர முகவரி, தற்காலிக முகவரி. 'இச்செடி இதற்கு முன் வேறு காட்டில் அரியதாக இருந்துள்ளதா? ஆம் எனில் ஏன் விலகியது?' இதற்கெல்லாம் பிடிமுத்து நாக்கை நீட்டி நீட்டி யோசித்து எழுதினார். கடைசியில் செடியோடு தலைவர் நிற்கிற படம் கேட்டிருந்தது. எடுத்தார்கள். தலைவர் தோகையை விரித்துக்கொண்டு நின்றார். மூன்று செடியும் தோகைக்குப் பின்னால் போய்விட்டது.

"தலைவரே, கொஞ்சம் மடக்கிக்கிட்டா..."

"மடக்கினால் அது நானா?"

சிக்னல் உலக்கைப்பாலை உச்சியில்தான் கிடைக்கும். பிடிமுத்து ஒவ்வொரு முறையும் சிகப்பாயி வாசலைத் தாண்டித்தான் மேலே ஏற வேண்டும். ஏறும்போது ஒருதரம், இறங்கும்போது ஒருதரம் மூக்கை உறிஞ்சிப் பார்ப்பார். அவள் குட்டிகளை வாலால் மூடிக்கொண்டு, "என்னண்ணே, படம் போயிருச்சா?" என்று சிரித்த முகமாகக் கேட்பாள்.

படம் போனது. பதில் வந்தது: 'படத்தில் செடி தெரியவில்லை. எனவே வேர், தண்டு, பூ, காய் இவற்றோடு முழுச்செடியாக மூன்று பிரதிகள் தலைவரின் சான்றொப்பத்துடன் அனுப்பவும். நகல் ஏற்கப்படாது.'

மூன்று பிரதி. காட்டில் மூன்று செடி. கணக்காக இருந்ததில் தோகையப்பனுக்குப் பரம திருப்தி. "பார்த்தீர்களா, கூடவும் இல்லை, குறையவும் இல்லை! தெய்வச்செயல்!" என்றார்.

சிகப்பாயிக்குப் பொறுக்கவில்லை. மரத்திலிருந்து பாதி இறங்கி, "தலைவரே, மூணையும் புடுங்கிட்டா அப்புறம் எதைங்க காப்பாத்துவீங்க?" என்று கேட்டுவிட்டாள்.

"முதலில் சான்றிதழ் வரட்டும் அம்மா. காப்பாற்றுகிற அதிகாரமே அதற்குப் பிறகுதான் வரும். அதிகாரம் இல்லாமல் காப்பாற்றினால் அது சட்டவிரோதம்."

"ஒண்ணை மட்டுமாவது விட்டுட்டு..."

பிடிமுத்து அண்ணாந்து பார்த்தார். "தங்கச்சி, உனக்கு ரெண்டு நோட்டீஸ் இருக்குல்ல?"

சிகப்பாயி மளமளவென்று மேலே ஏறிவிட்டாள். தனக்கு மடியில் கனம் இருக்கும்போது ஊர் நியாயம் பேச முடியுமா சொல்லுங்கள். கீழே மூன்று செடியையும் மேளதாளத்தோடு, வேர் ஒன்றுகூட அறாமல், அவ்வளவு பக்குவமாகப் பிடுங்கினார்கள். பொட்டு மட்டும் தேம்பித் தேம்பி அழுதது. அதற்குப் பழம் போன துக்கம்.

அஞ்சலை வாங்கிப்போக வந்தவர் வாரியத்தின் ஆய்வாளரேதான். அவர் ஒரு கூழைக்கடா. கண்மாயில் தண்ணீர் நிற்கிற மாசங்களில் மட்டும் பணிக்கு வருவார். அலகுக்குக் கீழே தொங்குகிற பைதான் அவருக்கு ஆபீஸ் பை. மூன்று செடியையும் உள்ளே போட்டு, அலகை மூடி, பறந்துபோனார்.

தை பிறந்ததும் சான்றிதழ் வந்தது. கூடவே பலகை. மேலே 'தலைவர் தோகையப்பன்' என்று கொட்டை எழுத்து. கீழே, 'எச்சரிக்கை: இங்கு அரிய சிமிழிச் செடி உள்ளது. யாரும் நெருங்க வேண்டாம்.' மூன்று குழிக்கு நடுவில் அதை நட்டார்கள். காவலுக்கு இரண்டு கீரிகளைப் போட்டார்கள். கீரிகள் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அந்த மூன்று குழிகளையும் காத்தன.

மாசியில் ஒரு கடிதம் வந்தது. 'ஆய்வாளர் நேரில் வந்து செடியைப் பார்வையிடுவார். உயிருள்ள செடி ஒன்றாவது இல்லையெனில், இவ்விடம் காடு என்ற வகையிலிருந்து நீக்கப்பட்டு, வண்டி நிறுத்துமிடமாக ஒதுக்கப்படும்.'

கமிட்டிக்கு வேர்த்தது. மயிலுக்கு வேர்க்குமா என்று கேட்காதீர்கள், அன்றைக்கு வேர்த்தது.

"குரோட்டன்ஸ் ஒண்ணு தொட்டியில வாங்கி வெச்சுரலாமா?" என்றார் பிடிமுத்து.

"பழம்?"

"செங்கல் தூளை உருட்டி ஒட்டிப்புடலாம் தலைவரே."

அதற்கும் நேரம் இல்லை. மறுநாள் சாயங்காலம் ஆய்வாளர் வந்து இறங்கிவிட்டார். பலகையைப் படித்தார். குழியைப் பார்த்தார். மறுபடி பலகையைப் படித்தார்.

"செடி எங்கே?"

"உங்க பையிலதான் சார் இருக்கு" என்றார் பிடிமுத்து, உள்ளதை உள்ளபடி.

ஆய்வாளர் அலகைத் திறந்து பார்த்தார். மூன்று சருகு, ஒரு கெண்டை மீனோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. "இது உயிருள்ள செடி இல்லையே" என்றார் வருத்தமாக. "விதி விதிதான். வண்டி நிறுத்துமிடம் என்று எழுதிக்கொள்கிறேன்."

மேலே பொந்தில் சிகப்பாயி இதைக் கேட்டுக் குட்டிகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். காடே போனால் பொந்து ஏது? அந்த நேரம் பார்த்துத்தானா பிள்ளைக்கு வர வேண்டும்?

"ம்மா... வருதும்மா."

"அடக்கிக்கடி என் தங்கம், கீழ ஆளுங்க நிக்கிறாங்க."

"முடியலம்மா!"

பொட்டு சரசரவென்று இறங்கி, உடைந்த குதிரைக்குப் பின்னால் ஓடியது. பின்னாலேயே சிகப்பாயி ஓடினாள். பிடிமுத்து நாக்கை நீட்டினார். காற்றில் துழாவினார். அவர் முகம் மலர்ந்தது பாருங்கள், சான்றிதழ் வந்த அன்றைக்குக்கூட அப்படி மலரவில்லை.

"சார்! செடி ஏன் போச்சுன்னு கண்டுபிடிச்சுட்டேன் சார்! அசுத்தம்! காட்டை அசுத்தம் பண்ணிட்டாங்க, அதான் செடி நிக்கல! மூணாவது தடவை! வாங்க, கையும் களவுமாப் பிடிக்கலாம்!"

எல்லாரும் ஓடினார்கள். பழி போட ஆள் கிடைத்த சந்தோஷத்தில், குதிரைக்குப் பின்னால் போகக் கூடாது என்ற பழக்கத்தையும் மறந்துபோனார்கள். பொட்டு குந்தியது குந்தியபடி உறைந்துவிட்டது. வர இருந்ததும் உள்ளேயே நின்றுவிட்டது. சிகப்பாயி நாலு காலையும் அகட்டி, வாலைப் பரப்பி, முன்னால் வந்து மறித்தாள்.

"இங்க ஒண்ணும் இல்லைண்ணே. சும்மா சருகு."

"ஒதுங்கு."

"என் புள்ளைகளோட நான் சூளைப் பக்கம் போனா பொழுது விடியறதுக்குள்ள ஒண்ணும் மிஞ்சாதுண்ணே. உங்களுக்கும் குஞ்சு குட்டி இருக்கு..."

"சட்டம் தங்கச்சி, சட்டம்" என்று சொல்லிக்கொண்டே பிடிமுத்து அவளைச் சுற்றிக்கொண்டு போய், முன்னங்காலால் சருகை ஒரே வாரு வாரினார்.

எல்லாரும் கழுத்தை நீட்டிக் குனிந்தார்கள்.

சருகுக்குக் கீழே பச்சை. இரண்டிரண்டு இலை, நாலு நாலு இலை, சாண் உயரத்துக்கு நிமிர்ந்ததும் இருந்தது. நரம்பெல்லாம் சிவப்பு. சிமிழியேதான், சந்தேகமே இல்லை. பழம் தின்ற நாளிலெல்லாம் பொட்டு போன இடம் பூராவும் கொத்துக்கொத்தாக முளைத்திருந்தது. ஆய்வாளர் அலகால் தொட்டுத் தொட்டு எண்ணினார். நாற்பத்தொன்று.

சிகப்பாயி தன் பிள்ளையைப் பார்த்தாள், செடியைப் பார்த்தாள். "அடியாத்தீ! இதெல்லாம் நீயாடி?" என்றாள்.

முதலில் சுதாரித்தவர் தோகையப்பன்தான். தோகையை விரித்தார். "ஆய்வாளர் அவர்களே, இதுதான் எங்கள் கமிட்டியின் ரகசிய நாற்றங்கால். தங்களுக்கு வியப்பளிக்க வேண்டும் என்று மறைத்து வைத்திருந்தோம்."

"அருமை. என்ன முறையில் விதைத்தீர்கள்?"

தோகையப்பன் பிடிமுத்துவைப் பார்த்தார். பிடிமுத்து குதிரையைப் பார்த்தார். குதிரைக்குத் தலை இல்லை.

"நாந்தான் போனேன்" என்றது பொட்டு சன்னமாக. "பழம் தின்னுட்டு."

"ஆ! ஒப்புக்கொண்டது!" என்று பிடிமுத்து குதித்தார். "மூணாவது நோட்டீஸ்! குடும்பத்தோட வெளியேத்தம்!"

"பொறுங்கள்" என்றார் ஆய்வாளர். பைக்குள்ளிருந்து ஈரமான விதிப்புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். "செடியை உண்டாக்கியவர் காட்டுக்குள் குடியிருந்தால்தான் அது நாற்றங்கால். குடியிருக்கவில்லை என்றால் அது களை. களையைப் பிடுங்கிவிட வேண்டும். பிடுங்கினால் காடு இல்லை, வண்டி நிறுத்துமிடம்."

பிடிமுத்து நோட்டீஸைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"ஆகவே இந்தக் குடும்பம் இங்கேயே இருக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை. முறை என்று ஒன்றைப் பதிவேட்டில் எழுத வேண்டுமானால், அது ஆய்வாளர் முன்னிலையில் ஒருமுறை செய்து காட்டப்பட வேண்டும். நான் பார்த்துச் சான்றொப்பம் போட்டால் இது திட்டம். போடாவிட்டால் குற்றம்தான். இருட்டுவதற்குள் நான் கிளம்ப வேண்டும்."

அடுத்த நிமிஷமே பொட்டு 'முதன்மை விதைப்பு அலுவலர்' ஆகிவிட்டது. பிடிமுத்து மூன்றாவது நோட்டீஸின் பின்பக்கத்திலேயே பணி நியமன ஆணை எழுதினார். காகிதத்தை வீணாக்குகிற ஆள் இல்லை. குழிகளைக் காத்த கீரிகள் இரண்டும் இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக வந்து விறைப்பாக நின்றன. முயல்கள் முன்வரிசையில் உட்கார்ந்தன. பிடிமுத்து செல்போனைத் தூக்கிப் பிடித்து, "அலுவலர் கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் திரும்பி உட்காரணும்" என்றார். தோகையப்பன் வரவேற்புரை ஆற்றினார். ஆய்வாளர் ஒரு கண்ணால் பதிவேட்டையும் மறு கண்ணால் பொட்டுவின் பின்பக்கத்தையும் பார்த்தபடி குனிந்து நின்றார்.

காடே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

ஒன்றும் வரவில்லை.

"ம்" என்றார் ஆய்வாளர்.

"முக்குங்கம்மா, முக்குங்க" என்றார் பிடிமுத்து. வாழ்நாளில் முதல்தடவையாக அந்தக் குட்டிக்கு மரியாதை கொடுத்து.

பொட்டு கண்ணை உருட்டி உருட்டி எல்லாரையும் பார்த்தது. உதடு பிதுங்கியது. "ம்மா, வயிறு வலிக்குதும்மா" என்று அழுதது.

சிகப்பாயி பக்கத்தில் போய்க் குனிந்தாள். "காலையில வெளிக்குப் போனியா?"

"இல்ல."

"அப்ப உள்ளதான இருக்கு? போடி என் ராசாத்தி."

"வரமாட்டேங்குதும்மா. எல்லாரும் பாக்குறாங்க."

சூரியன் கண்மாய்க்கரைக்கு இறங்கிவிட்டது. ஆய்வாளர் பதிவேட்டை மூடப்போனார். சிகப்பாயி ஒருதரம் தன் பொந்தை அண்ணாந்து பார்த்தாள். மூத்ததும் நடுவிலதும் அங்கிருந்து தலையை நீட்டிக்கொண்டிருந்தன. அவ்வளவுதான், அவளுக்கு இருந்த பயமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. ஆய்வாளருக்கு நேரே போய் நின்றாள்.

"சார், கோவிச்சுக்காதீங்க. மூணு செடி இருந்துச்சு. அதை இவங்க அத்தனை பேரும் பாத்தாங்க, படம் புடிச்சாங்க, பலகை வெச்சாங்க. இப்ப அது மூணும் உங்க வாயில இருக்கு. இந்த நாப்பத்தொண்ணையும் ஒருத்தரும் பாக்கல. பெத்த நான்கூடத் திரும்பிப் பாக்கல. அதான் முளைச்சுது."

"ஆனால் அம்மா, பார்க்காமல் நான் எப்படிச் சான்றொப்பம் போடுவது?"

"சத்தம் கேக்கும் சார். சத்தத்துக்குப் போடுங்க" என்றாள் சிகப்பாயி. பிறகு தோகையப்பனையும், பிடிமுத்துவையும், கீரிகளையும், முன்வரிசை முயல்களையும் பார்த்து, வாலைத் தாழ்த்திக் கும்பிட்டாள். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும். எல்லாரும் கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க சாமி."

நீதி: அரிய செடிகளைக் காக்க விரும்பும் பெரியோர்கள், காரியம் முடியும்வரை, தயவுசெய்து அந்தப் பக்கம் பார்த்து நிற்கவும்.